இரண்டுங்கெட்டான் மின்னழுத்தம்

இந்த அத்தியாயத்துக்குள் போகும் முன், முடிந்தால் ஒரு சோதனையைக் கையால் செய்து பாருங்கள். சிடி4069 என்ற ஐசி ஒன்று, பிரெட்போர்டு ஒன்று, 10 கிலோஓம் பிரிசெட் ஒன்று, கொஞ்சம் வயர், ஒரு மல்ட்டிமீட்டர். இவ்வளவுதான் வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் எல்லாம் கிடைத்துவிடும். மின்சாரத்துக்குப் பழைய செல்போன் சார்ஜர் கொடுக்கும் 5 வோல்ட் போதும்.

அந்த ஐசிக்குள் ஆறு நாட் கேட்டுகள் இருக்கின்றன. நாட் கேட்டின் வேலை எதிராக்குவது: உள்ளீட்டில் 0 கொடுத்தால் வெளியீட்டில் 1 வரும், 1 கொடுத்தால் 0 வரும். ஏழாம் காலைக் கிரவுண்டில் இணையுங்கள். மில்லிஆம்பியர் அளவில் வைத்த மீட்டர் வழியாக 5 வோல்ட்டைப் பதினான்காம் காலுக்குக் கொடுங்கள். பிரிசெட்டின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கு, இன்னொரு முனை கிரவுண்டுக்கு, நடுமுனை ஐசியின் முதல் காலுக்கு. பிரிசெட் தனக்கென்று அரை மில்லிஆம்பியர் இழுக்கும். அது கணக்கில் கலந்துவிடாதபடி, அதற்கான 5 வோல்ட் இணைப்பை மீட்டருக்கு முன்னாலேயே பிரித்து எடுத்துவிடுங்கள். மற்ற ஐந்து உள்ளீடுகளான 3, 5, 9, 11, 13 ஆகிய கால்களைக் கட்டாயம் கிரவுண்டில் கட்டுங்கள். ஏன் கட்டாயம் என்பதைப் பிறகு சொல்கிறேன். வெளியீட்டுக் கால்களில் எதையும் மாட்ட வேண்டாம்.

பிரிசெட்டை ஒரு கோடியில் வைத்தால் உள்ளீடு 0 வோல்ட். மீட்டர் 0.00 காட்டும். மெல்லத் திருப்புங்கள். 1 வோல்ட்டைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் கடைசி இலக்கம் அசையத் தொடங்கும். அதன்பிறகு எண் விறுவிறுவென்று ஏறும். ஏறத்தாழ பாதி வழியில், 2.5 வோல்ட்டை ஒட்டி, உச்சத்தைத் தொடும். அங்கே மின்னோட்டம் மில்லிஆம்பியர் அளவுக்கு வந்திருக்கும். இன்னும் திருப்பினால் ஏறிய மாதிரியே இறங்கும். 5 வோல்ட்டுக்குப் போய்ச் சேரும்போது மறுபடியும் 0.00. காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தால், இரண்டு பக்கமும் சரிந்த ஒரு குன்று கிடைக்கும்.

இந்தக் குன்றைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும். உள்ளீட்டுக் கால் வழியாக மின்சாரம் உள்ளே போகவில்லை. அங்கே இருப்பது கண்ணாடி போன்ற ஒரு காப்புப் படலம், அதன் வழியே ஒழுகுவது அளக்கவே கடினமான அளவு. வெளியீட்டுக் காலில் எதுவும் மாட்டப்படவில்லை, ஆகவே அந்த வழியாகவும் எதுவும் வெளியேற முடியாது. பிறகு பதினான்காம் காலில் நுழைந்த அந்த மில்லிஆம்பியர் எங்கே போகிறது? உள்ளே வந்தது வெளியே போயாக வேண்டும். மிச்சம் இருக்கும் ஒரே கதவு ஏழாம் கால், கிரவுண்டு. அதாவது, எந்த வேலையும் செய்யாமல், மேலிருந்து கீழே நேராக ஓடிவிடுகிறது.

இதே ஐசியின் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளை எடுத்துப் பாருங்கள். 5 வோல்ட்டில், 25 டிகிரி வெப்பத்தில், ஓய்வுநிலை மின்னோட்டம் அதிகபட்சம் 0.25 மைக்ரோஆம்பியர் என்று போட்டிருக்கும். மீட்டர் உச்சத்தில் காட்டியது அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. தரவுத்தாள் பொய் சொல்லவில்லை. அட்டவணையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், சோதனை நிலை என்ற கட்டத்தில், உள்ளீடு 0 வோல்ட்டிலோ முழு மின்னழுத்தத்திலோ இருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த எண் ஒரு வாக்குறுதி என்றால், அந்தக் கட்டம்தான் அதன் ஷரத்து. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்களால் எத்தனையோ நல்ல கருவிகளின் பேட்டரி வீணாகியிருக்கிறது. இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே அந்த ஆதங்கம்தான்.

அந்த வாக்குறுதியின் அருமை புரிய 1963க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபிராங்க் வான்லாஸ் என்ற இளம் பொறியாளர் வேலை பார்த்தார். மாஸ் டிரான்சிஸ்டர் என்ற பொருளே அப்போது புதிது. அதை பெல் ஆய்வகத்தில் முகமது அட்டல்லாவும் டாவன் காங்கும் செய்து காட்டி நாலைந்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மாஸ் டிரான்சிஸ்டரில் இரண்டு சாதி உண்டு. என்-மாஸ், கேட் என்ற கட்டுப்பாட்டு முனையில் மின்னழுத்தம் ஏறினால் திறக்கும். பி-மாஸ், அது இறங்கினால் திறக்கும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் ஜோடியாகக் கோத்தால் என்ன என்று வான்லாஸ் யோசித்தார். சி. டி. சா என்பவருடன் சேர்ந்து அந்த ஆண்டே அதை ஒரு மாநாட்டில் அறிவித்தார். கட்டுரைத் தலைப்பிலேயே நானோவாட் என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். ஒரு லாஜிக் சுற்று மில்லிவாட் கணக்கில் சூடாகிக்கொண்டிருந்த காலத்தில் அது துணிச்சலான சொல். வான்லாஸுக்குக் காப்புரிமை 1967 டிசம்பரில் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆர்சிஏ நிறுவனம் 4000 வரிசை ஐசிகளைக் கொண்டுவந்தது. நம் கையில் இருக்கும் 4069 அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு ஓர் ஒப்பீடு போதும். டிடிஎல் என்ற பழைய முறையில் செய்த 7400 ஐசி, எல்லா வெளியீடும் 0 ஆக இருக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கவே வழக்கமாக 12 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அதே வேலையை, சீமாஸ் என்று பெயர் பெற்ற இந்த ஜோடி முறையில் செய்யும் 74ஹெச்சி00, அறை வெப்பத்தில் அதிகபட்சம் 2 மைக்ரோஆம்பியர். இன்று கைக்கடிகாரம் முதல் கைப்பேசி வரை பேட்டரியில் ஓடும் எல்லாமே இந்த வித்தியாசத்தின் மேல் நிற்கின்றன.

அந்த ஜோடி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஓர் ஏரியையும் அதற்குக் கீழே ஒரு தொட்டியையும் அதற்கும் கீழே ஒரு வடிகாலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு மதகு, தொட்டிக்கும் வடிகாலுக்கும் நடுவே இன்னொரு மதகு. இரண்டு மதகையும் ஒரே இரும்புக் கம்பியில் பூட்டியிருக்கிறார்கள். கம்பியை முழுக்க இறக்கினால் மேல்மதகு திறந்திருக்கும், கீழ்மதகு மூடியிருக்கும். தொட்டி ஏரி மட்டத்துக்கு நிரம்பி நின்றுவிடும். கம்பியை முழுக்க ஏற்றினால் மேல்மதகு மூடும், கீழ்மதகு திறக்கும். தொட்டி வடிந்து காலியாகும். இரண்டு நிலையிலும், மட்டம் நிலைத்த பிறகு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடாது. ஏனென்றால் ஏரிக்கும் வடிகாலுக்கும் இடையே எப்போதும் ஏதோ ஒரு மதகு சாத்தியிருக்கிறது.

ஏரி என்பது 5 வோல்ட். வடிகால் என்பது கிரவுண்டு. மேல்மதகு பி-மாஸ், கீழ்மதகு என்-மாஸ். தொட்டியின் நீர்மட்டம்தான் வெளியீடு. கம்பியின் உயரம் உள்ளீட்டு மின்னழுத்தம். இப்போது கம்பியைப் பாதியில் நிறுத்துங்கள். மேல்மதகு இன்னும் முழுதாக மூடவில்லை, கீழ்மதகு ஏற்கனவே கொஞ்சம் திறந்துவிட்டது. ஏரித் தண்ணீர் தொட்டி வழியாக நேரே வடிகாலில் விழுந்து ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது கம்பியை ஒரு பக்கம் தள்ளும்வரை அது நிற்காது.

எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை இந்த ஒழுக்கு இருக்கும்? ஒவ்வொரு மாஸ் டிரான்சிஸ்டருக்கும் ஒரு தொடக்க மின்னழுத்தம் உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால் திறக்காது. கணக்கு எளிதாக இருக்க, இரண்டுக்குமே அதை 1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். என்-மாஸ் கிரவுண்டிலிருந்து அளக்கிறது, ஆகவே உள்ளீடு 1 வோல்ட்டைத் தாண்டியதும் திறக்கத் தொடங்கும். பி-மாஸ் மேலே 5 வோல்ட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்கிறது, ஆகவே உள்ளீடு 4 வோல்ட்டை எட்டினால்தான் முழுக்க மூடும். 1 வோல்ட்டுக்கும் 4 வோல்ட்டுக்கும் நடுவே இரண்டும் திறந்தே இருக்கின்றன. அந்த இரண்டுங்கெட்டான் பகுதியில்தான் நம் மீட்டர் குன்று வரைந்தது.

குன்றின் வடிவத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். எது குறுகலாகத் திறந்திருக்கிறதோ அதுதான் அளவைத் தீர்மானிக்கும். இடப்பக்கச் சரிவில் என்-மாஸ் குறுகல், வலப்பக்கச் சரிவில் பி-மாஸ் குறுகல். மாஸ் டிரான்சிஸ்டர் வழியே ஓடக்கூடிய மின்னோட்டம், தொடக்க மின்னழுத்தத்துக்கு மேல் எவ்வளவு மிகுதியாகக் கொடுத்தோமோ அதன் வர்க்கத்தைப் போல ஏறும். உள்ளீடு 1.5 வோல்ட் என்றால் மிகுதி 0.5, வர்க்கம் 0.25. 2 வோல்ட் என்றால் மிகுதி 1, வர்க்கம் 1. 2.5 வோல்ட்டில் மிகுதி 1.5, வர்க்கம் 2.25. அதற்குமேல் பி-மாஸின் ஆட்சி. 3 வோல்ட்டில் அதற்கு மிஞ்சியிருப்பது 1, வர்க்கம் 1. 3.5 வோல்ட்டில் மறுபடி 0.25. நிஜ டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. தொடக்க மின்னழுத்தத்துக்குக் கீழேயும் மிகச் சன்னமாக ஒழுகும், பி-மாஸும் என்-மாஸும் அச்சாக ஒரே பலத்தில் இருக்காது, ஆகவே உச்சி சற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்திருக்கும். ஆனால் குன்றின் உடல் இந்தக் கணக்கேதான்.

இதே கணக்கை 3 வோல்ட்டில் போட்டுப் பாருங்கள். நடுப்புள்ளி 1.5 வோல்ட், மிகுதி 0.5, வர்க்கம் 0.25. மின்னழுத்தம் 5லிருந்து 3க்கு இறங்கியதற்கு, உச்சி 2.25லிருந்து 0.25 ஆகி, ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது. 2 வோல்ட்டுக்கு இறக்கினால் ஒன்று திறக்கும் இடத்தில் மற்றது மூடிவிடுகிறது. குன்றே தரைமட்டம். இரண்டு தொடக்க மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகைக்குக் கீழே கொடுத்தால், அந்தச் சன்ன ஒழுக்கைத் தவிர நேர்வழி ஓட்டமே இருக்காது. அப்படியானால் எல்லா ஐசியையும் அப்படியே செய்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் வேகம் போய்விடும். டிரான்சிஸ்டர் மாறும் வேகமே அந்த மிகுதி மின்னழுத்தத்திலிருந்துதான் வருகிறது. குன்றைத் தரைமட்டமாக்கும் அதே கை வேகத்தையும் இழுத்துப் பிடித்துவிடும்.

வேகத்தைவிட ஆழமான ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. எந்த இடத்தில் மின்சாரம் வீணாகிறதோ, அதே இடத்தில்தான் நாட் கேட்டுக்கு மிகப் பெரிய பெருக்கு சக்தி இருக்கிறது. உள்ளீடு நடுவில் ஒரு மயிரிழை அசைந்தால் வெளியீடு பல மடங்கு நகரும். கொஞ்சம் மங்கி, இரைச்சல் கலந்து வந்த 1ஐ, அடுத்த கேட் பளிச்சென்ற 1 ஆக்கிக் கொடுப்பது இந்தப் பெருக்கத்தால்தான். கோடிக்கணக்கான கேட்டுகள் வழியாகப் போனாலும் எண் தேயாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டு டிரான்சிஸ்டரும் ஒருசேர விழித்திருக்கும் அந்த இடைவெளியைக் குறையாக மட்டும் பார்ப்பது சரியில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். கேட் அதைக் கடந்து போக வேண்டும், அங்கே குடியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

குடியிருக்க நேரும் சந்தர்ப்பங்கள் நிறைய. இப்போது பொழுதுபோக்காக மின்னணு வேலை செய்யும் மாணவர்களிடம் அதிகம் பார்ப்பது, 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கலப்பதுதான். ராஸ்பெரி பை, இஎஸ்பி32 போன்ற பலகைகளின் கால்கள் 3.3 வோல்ட்டில் பேசும். அவற்றுக்கு 1 என்றால் 3.3 வோல்ட். அதை 5 வோல்ட்டில் ஓடும் சாதாரண 74ஹெச்சி ஐசிக்குக் கொடுத்தால், பெரும்பாலும் வேலை செய்துவிடும். அந்தக் குடும்பம் 5 வோல்ட்டில் 3.5 வோல்ட்டுக்கு மேலிருந்தால்தான் 1 என்று உத்தரவாதம் தருகிறது என்றாலும், நிஜத்தில் பாதியைத் தாண்டியதுமே 1 என்று எடுத்துக்கொள்ளும். விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது, எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம். நம் கணக்கில் 3.3 வோல்ட்டில் பி-மாஸுக்கு மிஞ்சியிருப்பது 0.7, வர்க்கம் 0.49. உச்சியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். வேலை செய்கிறது என்பதும் சரியாகச் செய்கிறது என்பதும் வேறு வேறு. வித்தியாசத்தை மீட்டர் மட்டும்தான் சொல்லும்.

இது புதிய பிரச்சினை இல்லை. டிடிஎல் ஐசிகளோடு சீமாஸைக் கலந்த காலத்திலேயே வந்தது. டிடிஎல்லின் 1 என்பது 2.4 வோல்ட் வரைகூட இறங்கி நிற்க அனுமதி உண்டு. அது நம் குன்றின் உச்சிக்குப் பக்கத்து இடம். அதனால்தான் 74ஹெச்சிடி என்ற தனிக் குடும்பம் உண்டாயிற்று. அதில் உள்ளீட்டு ஜோடியின் என்-மாஸைப் பலமாக்கி, தீர்ப்பு மாறும் இடத்தை 1.4 வோல்ட் பக்கம் தள்ளிவைத்தார்கள். இனி 2.4 வோல்ட் சந்தேகமே இல்லாத 1. ஆனால் தீர்ப்பு தெளிவாகிவிட்டதே தவிர, பி-மாஸ் மூடிவிடவில்லை. 5 வோல்ட்டிலிருந்து பார்த்தால் அதற்கு இன்னும் திறக்கக் காரணம் இருக்கிறது. ஆகவே ஹெச்சிடி தரவுத்தாள்களில் கூடுதல் மின்னோட்டம் என்று ஒரு தனி வரி இருக்கும். உள்ளீடு முழு மின்னழுத்தத்துக்கு 2.1 வோல்ட் கீழே நின்றால், ஒரு உள்ளீட்டுக்கு இவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். வழக்கமாக 100 மைக்ரோஆம்பியர் அளவு. முழு ஐசியின் ஓய்வு மின்னோட்டத்தை விட ஒரே ஒரு கால் அதிகம் தின்கிறது. தயாரிப்பாளர்கள் நேர்மையாக எழுதிவைத்த அந்த வரியை எத்தனை பேர் படிக்கிறோம்?

இப்போது அந்த ஐந்து கால்களுக்கு வருகிறேன். மூன்றாம் காலைக் கிரவுண்டிலிருந்து பிடுங்கி, அந்தரத்தில் விட்டுப் பாருங்கள். முதல் காலை 0 வோல்ட்டிலேயே வையுங்கள். மீட்டர் எதையாவது காட்டும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மாறும். எடுத்தால் வேறொன்றாக மாறும். கேட் முனை என்பது காப்புப் படலத்தின் மேல் உட்கார்ந்த மிகச் சிறிய ஒரு மின்தேக்கி. சில பிகோஃபாரட்தான். அதில் மின்னூட்டம் கொஞ்சம் வந்து ஒட்டினாலும் மின்னழுத்தம் தாறுமாறாக நகரும், ஒட்டியது வடிந்துபோக வழியும் கிடையாது. நம் உடம்பு, சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் வயரின் சலனத்தைப் பிடித்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் நிற்கிறது. உள்ளீடு குன்றின் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, சில சமயம் உச்சியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. எதற்கும் பயன்படாத கால் என்பதால் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். பயன்படாத உள்ளீட்டை ஏதாவது ஒரு பக்கம் கட்டிவிடு என்று பழைய தொழில்நுட்பக்காரர்கள் ஓயாமல் சொன்னது இதற்காகத்தான்.

பேட்டரிக் கருவியில் இது என்ன செய்யும் என்று கணக்குப் பார்ப்போம். சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியில் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது. கருவி 1 மைக்ரோஆம்பியர் மட்டும் எடுத்தால், 220,000 மணி நேரம். கணக்குப்படி 25 வருடம், பேட்டரி தானாகவே அதற்கு முன்னால் வற்றிவிடும். அந்தரத்தில் நிற்கும் ஒரே ஒரு கால் 100 மைக்ரோஆம்பியர் எடுத்தால், 2,200 மணி நேரம். மூன்று மாதம். பேட்டரி மட்டமான சரக்கு என்று திட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போடுவோம். அதுவும் மூன்று மாதம்தான் வரும்.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லைச் செய்தவர்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். அதன் அனலாக் கால்களில் சென்சாரிலிருந்து 0 முதல் 5 வோல்ட் வரை எதுவும் வரலாம், நடுவில் நிற்பதே அவற்றின் வழக்கம். அதே காலில் டிஜிட்டல் உள்ளீட்டுக் கேட் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சும்மா இருந்தாலும் குன்றின் மேல் நின்று மின்சாரம் குடிக்கும். அதைத் துண்டித்து வைக்கவென்றே ஒரு ரிஜிஸ்டர் கொடுத்திருக்கிறார்கள். சில்லு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது இப்படிப்பட்ட கேட்டுகளைத் தானே துண்டித்துக்கொள்ளவும் செய்கிறது. ஒன்றை மட்டும் விட்டுவைக்கும்: அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பக் காத்திருக்கும் கால். அந்தக் கால் அந்தரத்தில் நின்றால் சில்லு தூங்கினாலும் பேட்டரி தூங்காது.

நிற்பது ஒரு தவறு என்றால், மெதுவாகக் கடப்பதும் அதன் தம்பிதான். 0விலிருந்து 5 வோல்ட்டுக்கு உள்ளீடு போகும் ஒவ்வொரு முறையும் குன்றை ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். சில நானோவினாடியில் தாவிவிட்டால் செலவு சொற்பம். நெதர்லாந்தில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஹாரி வீன்ட்ரிக் 1984இல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒவ்வொரு கடப்பிலும் வீணாகும் ஆற்றல், கடக்க எடுக்கும் நேரத்துக்கு நேர்விகிதம். மின்னழுத்தத்திலிருந்து இரண்டு தொடக்க மின்னழுத்தங்களைக் கழித்து வரும் மிச்சத்தின் கனத்தைப் போல ஏறும். கழித்தால் பூஜ்யம் வந்தால் வீணும் பூஜ்யம், நாம் மேலே பார்த்த 2 வோல்ட் கதையேதான். 74ஹெச்சி ஐசிகளுக்கு 4.5 வோல்ட்டில் உள்ளீடு 500 நானோவினாடிக்குள் மாறிவிட வேண்டும் என்று ஒரு வரம்பு தரவுத்தாளில் உண்டு. பட்டனோடு மின்தேக்கியைச் சேர்த்துச் செய்யும் சாதாரணத் தாமதச் சுற்று ஒன்று பத்து மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், வரம்பைப் போல அது இருபதாயிரம் மடங்கு. அத்தனை நேரம் உச்சியருகில் தங்கும்போது, பெருக்கு சக்தி அங்கே அதிகம் என்று சொன்னோமே, அதனால் இரைச்சலும் பெருகி வெளியீடு 0க்கும் 1க்கும் இடையே தடதடவென்று அடித்துக்கொள்ளவும் கூடும்.

இதற்கு மருந்தாக ஷ்மிட் டிரிகர் உள்ளீட்டைச் சொல்வார்கள். ஓட்டோ ஷ்மிட் 1930களில் மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பு எப்படித் தூண்டப்படுகிறது என்ற ஆராய்ச்சியை ஒட்டி உருவாக்கிய சுற்று அது. ஏறும்போது ஓரிடத்தில், இறங்கும்போது அதற்குக் கீழே வேறோரிடத்தில் முடிவை மாற்றும். அதனால் தடதடப்பு நிற்கும், வெளியீடு சுத்தமாக வரும். ஆனால் 74ஹெச்சி14 போன்ற ஷ்மிட் ஐசியிலும் உள்ளீட்டைப் பாதியில் நிறுத்தினால் மின்னோட்டம் ஏறத்தான் செய்யும். அதன் தரவுத்தாளிலேயே அந்தக் குன்றின் படம் இருக்கிறது. வெளியீடு தெளிவாக இருப்பதால் உள்ளேயும் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று அனுபவசாலிகள்கூட நினைத்துவிடுகிறார்கள். முதல் ஜோடிக்கு அந்தத் தெளிவு கிடையாது. அதன் கேட் முனையில் நிற்பது நீங்கள் கொடுத்த அதே பாதி மின்னழுத்தம்தான்.

பெரிய சில்லுகளுக்குள்ளும் இதே கவலை உண்டு. பயன்படாத பகுதிக்கு மின்சாரத்தையே நிறுத்திவிடுவது இன்றைய கைப்பேசிச் சில்லுகளில் சாதாரணம். நிறுத்திய பகுதியின் வெளியீடுகள் மெல்ல வடிந்து நடுவழியில் நிற்கும். விழித்திருக்கும் பக்கத்துப் பகுதிக்கு அவைதான் உள்ளீடு. அணைத்ததன் பலனைப் பக்கத்து வீடு தின்றுவிடும். ஆகவே எல்லையில் ஒவ்வொரு கம்பியிலும், அதை 0 அல்லது 1இல் பிடித்துவைக்கும் தனிக் கேட் ஒன்றைப் போடுகிறார்கள்.

வீட்டில் கரண்ட் போனால் ஓடும் இன்வர்ட்டருக்குள்ளும் மேல் ஒன்று கீழ் ஒன்றாக இதே ஜோடி அமைப்புதான், பெரிய உருவில். அங்கே இரண்டும் ஒருசேரத் திறந்தால் பேட்டரியே நேராகக் கிரவுண்டில் விழுந்து டிரான்சிஸ்டர் வெடித்துவிடும். அதனால் ஒன்றை மூடி, ஒரு கணம் இரண்டையும் மூடிவைத்து, பிறகே மற்றதைத் திறக்கிறார்கள். லாஜிக் கேட்டில் அது முடியாது. இரண்டு மதகுக்கும் கம்பி ஒன்று.

கடைசியாக, பிரிசெட்டைக் கழற்றிவிடுங்கள். மூன்றாம் காலை மறுபடி கிரவுண்டில் கட்டிவிட்டு, 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் நடுவே, அதாவது அதே கேட்டின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே மாட்டுங்கள். வெளியீடு உயர்ந்தால் ரெசிஸ்டர் உள்ளீட்டை உயர்த்தும், உள்ளீடு உயர்ந்தால் வெளியீடு இறங்கும். இரண்டும் சமமாகும் ஒரே இடத்தில் கேட் போய் நின்றுவிடும். மீட்டரைப் பாருங்கள்: குன்றின் உச்சியில் எந்த எண்ணைக் குறித்துவைத்தீர்களோ, அந்த எண்ணுக்கு வந்து அசையாமல் நிற்கிறது. இவ்வளவு நேரம் எதைத் தவிர்க்கப் படாதபாடு பட்டோமோ, அங்கேயே வேண்டுமென்று கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். அங்கேதான் பெருக்கு சக்தி அதிகம். அதே இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு குவார்ட்ஸ் படிகத்தையும், ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு சிறிய மின்தேக்கியையும் சேர்த்தால், கேட் படிகத்தின் அதிர்வைப் பிடித்துப் பெருக்கித் திரும்ப அதற்கே ஊட்டும். கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 முறை துடிப்பது இப்படி உச்சியில் நிறுத்திய ஒரு நாட் கேட்தான். அதை 15 முறை இரண்டால் வகுத்தால் வினாடிமுள்ளின் ஓர் அடி.